ஆற்றில் விடக் கொண்டுபோன சட்டை

என் மகளுக்குப் புலிகள் காப்பகத்தில் வனக்காப்பாளர் வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. “போலீஸ் மாதிரியா?” என்று கேட்டார்கள். “ஆமா, காட்டுக்குப் போலீஸ்” என்று என் வீட்டுக்காரர் சொல்லிவைத்தார். அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ராத்திரி வாட்ச்மேன். எங்கள் சொந்தத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் போலீஸிலோ பட்டாளத்திலோ இருப்பான்; அதனால் காக்கி எங்களுக்குப் புதிது இல்லை. பெண்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு பாபநாசத்துக்கு மேலே, முண்டந்துறைக் காட்டுக்குள் போய்த் தங்குவதுதான் புதிது.

நான் பயப்படுகிற ஆள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று தெரிந்திருந்தும், குத்துக்கல்வலசை பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் இப்படித்தான். பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் அதிகம் என்று என்னை அனுப்பவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் அனுப்பவில்லை. எட்டாவதோடு நின்றுபோனது. படித்தது கொஞ்சம் என்றாலும் பேப்பரில் காட்டுச் செய்தி வந்தால் ஒரு எழுத்து விடமாட்டேன். மலையடிவாரத்தில் கரடி இறங்கியது, ஆட்டைச் சிறுத்தை தூக்கியது, தோட்டத்துக்குள் யானை புகுந்தது எல்லாம் எனக்கு மனப்பாடம்.

மகள் வேலைக்குப் போனதிலிருந்து என் போன் என் கையைவிட்டு இறங்கவில்லை. காட்டுக்குள் முகாம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய்விட்டால் திரும்பி வரும்வரை போன் எடுக்காது. மாவாட்டும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். “புலியெல்லாம் நம்ம கண்ணுல படாதும்மா, அது பாட்டுக்கு இருக்கும்” என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் வேகமாகப் போகும். பெற்றவளுக்கு அது தெரியாதா?

இந்த நிலையில்தான் ராயகிரியிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார். நிலம் இருக்கிறது, நல்ல மனிதர்கள். பையனின் அம்மா போனில் பக்குவமாகப் பேசினாள்.

“போலீஸ்னாக்கூட சரி மதினி. ஸ்டேசன்ல நாலு பேரு இருப்பாவ. இது ஆளில்லாத காடுல்லா? எங்க வீட்டு ஆம்பளைய ஒத்துக்கிட மாட்டாவ. வேலைய மட்டும் விட்டுட்டான்னா ஐப்பசியிலயே வச்சிரலாம். அமாவாசைக்குள்ள ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க.”

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. என் மனசில் இருந்ததைத்தான் அவள் சொன்னாள். வீட்டுக்காரரும், “நீயே போயி கேட்டுட்டு வா. நான் கேட்டா அதட்டுன மாதிரி ஆயிரும்” என்றார்.

போவதற்கு முன்னால் தென்காசியில் ஒரு ஜோசியரைப் பார்த்தேன். ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்குத் தடை அது உடுத்துன துணியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. அமாவாசையன்னிக்கு ஆத்துல முங்கி, அத விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க. தண்ணியோட போயிரும்” என்றார். எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் செய்வது. தாமிரபரணியில் முங்கி, உடுத்திய துணியைத் தண்ணீரோடு விட்டால் பீடை விடும் என்பார்கள். மகளுடைய துணி என்று வீட்டில் பீரோ நிறைய இருந்தது. நான் எடுத்தது அவளுடைய காக்கிச் சட்டையை. கை கிழிந்துபோனதால், கரித்துணிக்கு ஆகும் என்று போன லீவில் விட்டுப்போயிருந்தாள். ஜோசியர் காக்கி என்று சொல்லவில்லை. அதை நானேதான் எடுத்தேன். எது அவளைவிட்டுப் போகவேண்டும் என்று நான் நினைத்தேனோ அதைத்தானே எடுப்பேன்?

வருவதாக அவளிடம் சொல்லவில்லை. முதலில் காட்டுக்குள் அய்யனார் கோயில் ஆற்றில் சட்டையை விட்டுவிட வேண்டும், அப்புறம் அவளைப் பார்த்துக் கேட்க வேண்டும். அந்த வரிசையில் நடந்தால் அவள் சரி என்பாள் என்று நம்பினேன்.

ஆவணி அமாவாசை. குற்றாலத்தில் சீசன் முடிந்து கூட்டம் குறைந்திருந்தாலும் சாரல் மிச்சம் இருந்தது. கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம் போகிறவரை வலதுகைப் பக்கம் மலை கூடவே வந்தது. மேகம் மூடியிருந்தது. அதற்குள்தான் அவள் இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே போனேன். பாபநாசத்தில் மலைக்குப் போகிற பஸ் மாறினேன். பக்கத்தில் ஒரு பெரிய துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“எங்கன இருந்து வாரிய?”

“தென்காசி.”

“கோயிலுக்கா? நானும் அங்கதான். பேரனுக்குப் பேச்சு வரல. வயசு கூடிக்கிட்டே போவுது, அம்மான்னு ஒரு வார்த்த இல்ல. அவன் சட்டையா அள்ளிக்கிட்டு வந்திருக்கேன். மருமவ ஏசுதா, நல்ல சட்டைய எல்லாம் ஆத்துல போடுதியளேன்னு. நல்லதப் போட்டாத்தானட்டி நல்லது நடக்கும்னேன். கிழிஞ்சதப் போட்டா சாமி சிரிக்காதா?”

நான் என் பையைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

“உங்களுக்கு யாருக்கு?”

“மகளுக்கு.”

“கல்யாணமா? ஆயிரும், ஆயிரும். இந்த ஆத்துல விட்டு ஆகாதது இல்ல.”

அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் பையைத் திறந்து காட்ட வேண்டும்.

“பிளாஸ்டிக்கு, சோப்பு, ஷாம்பு, ஆத்துல விடக் கொண்டாந்த துணி எது இருந்தாலும் இங்கனயே வச்சிருங்க. திரும்பும்போது வாங்கிக்கிடலாம்.”

குரல் கேட்டதும் என் கால் அப்படியே நின்றுவிட்டது. அமாவாசைக் கூட்டத்துக்காக அவளை அன்றைக்குச் சாவடியில் போட்டிருந்தார்கள். தொப்பி, பூட்ஸ், கையில் ஒரு கம்பு. மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த முகம் ஒரு நொடி சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது.

“எம்மா! நீ எங்க இங்கன? சொல்லவே இல்ல?”

“சும்மாதான். பாத்துட்டுப் போலாம்னு.”

“எனக்கு என்ன கொண்டாந்த?” என்று சிரித்துக்கொண்டே அவளே பையைத் திறந்தாள். மேலே வாழையிலையில் மிளகாய்ப் பொடி தடவிய தோசை. எள்ளுருண்டை. அதற்குக் கீழே மஞ்சள் பையில் சுற்றியிருந்ததை எடுத்தாள். சட்டை விரிந்தது. கிழிந்த கைப் பக்கம் அவள் கண் போனது.

“இது எதுக்கும்மா?”

துணிமூட்டை அம்மாள்தான் பதில் சொன்னாள். “ஆத்துல விடத்தான் தாயி, வேற எதுக்கு? ஆத்தாடி, போலீஸ் சட்டையவா விடப்போறிய?”

கண்டக்டர் படியில் சாய்ந்தபடி, “ஏக்கா, யூனிபார்மையே ஆத்துல விட்டுட்டா கவர்மெண்டு காவலுக்கு எங்கன போவும்?” என்றார். பஸ்ஸில் வந்தவர்கள் சிரித்தார்கள். அது அவளுடைய சட்டை என்று அவர்களுக்குத் தெரியாது.

மகள் சிரிக்கவில்லை. அவள் காது மடல் சிவந்தது. சட்டையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

“அந்தச் சாக்குல போடுங்க” என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் என்னை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. எல்லோரிடமும் பேசுகிற மாதிரி என்னிடமும் பேசினாள், அவ்வளவுதான். ஆனாலும் நெஞ்சில் சுருக்கென்றது. சாக்கில் போட்டேன். பின்னாலேயே அந்த அம்மாளும் பேரனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக கையால் தடவிப் போட்டாள்.

“அண்ணாச்சி, இவங்கள எங்க குவார்ட்டர்ஸ் பக்கம் இறக்கி விட்டுருங்க” என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, என்னிடம், “மத்தியானம் வாரேன். வெளிய எங்கனயும் நடக்காத” என்றாள் மெதுவாக. ‘ங்க’ போய்விட்டது. அந்த மட்டுக்கும் உயிர் வந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பலகை. பெரிய புலிப் படம். உலகத்தில் புலி குறைந்துகொண்டே வருகிறது, இந்தக் காடு அதற்கு மிச்சமிருக்கிற சில வீடுகளில் ஒன்று, புலி இருக்கிற காட்டில்தான் ஆறு வற்றாது என்று எழுதியிருந்தது. நிதானமாக இரண்டு தடவை படித்தேன். தென்காசியில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் தாமிரபரணித் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் மாவாட்டிக்கொண்டே இந்தக் காட்டைத் திட்டியிருக்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் நினைத்ததும் மனசு மாறிவிடவில்லை. தண்ணீர் வேண்டும்தான், அதற்கு என் பிள்ளைதானா கிடைத்தாள் என்றுதான் அடுத்து தோன்றியது. மரத்தில் மந்திகள் குதித்தபோதெல்லாம் எழுந்து நின்றேன்.

மத்தியானத்துக்கு மேல் வந்தாள். தோசையைப் பிய்த்து வேகவேகமாகத் தின்றாள். சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஆத்துல துணி எடுக்கணும். அமாவாசைன்னா இது ஒரு வேலை. நீயும் வா, தனியா இருந்தா நீயா எதையாவது நினைச்சுக்கிட்டு இருப்ப” என்றாள்.

நீண்ட கழிகளில் கொக்கி மாட்டி எடுத்துக்கொண்டு இரண்டு காவலர்கள் முன்னால் போனார்கள். நாங்கள் பின்னால். கோயிலுக்குக் கீழே ஆறு பாறைகளுக்குள் ஒடுங்கி ஓடுகிற இடம் அது. முதலில் எனக்குப் பாசி மாதிரித் தெரிந்தது. கிட்டப் போன பிறகுதான் எல்லாம் துணி என்று தெரிந்தது. ஊறிப் பருத்த சேலைகள், வேட்டிகள், பள்ளிக்கூடச் சீருடை, கைக்குழந்தைச் சட்டை, ஒரு கல்யாணப் பட்டு. ஒவ்வொன்றும் பாறையைச் சுற்றி, வேரைச் சுற்றி, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தது.

“சாவடியிலதான் பிடுங்கிருதியளே?” என்றேன்.

“சேலைக்கு மேல சேலை கட்டிக்கிட்டு வாராவம்மா. ஆம்பளைய வேட்டிக்குள்ள பேண்டு. என்ன செய்ய?”

அவள் தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி இழுத்தாள். வரவில்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து இழுத்தபோது ஒரு நாற்றத்தோடு மொத்தமாகக் கிளம்பி வந்தது. கரையில் போட்டார்கள். போடப்போட ஏறியது.

நான் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பெண்களுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்திருக்கும், எத்தனை பிள்ளைகளுக்குப் பேச்சு வராமல் இருந்திருக்கும். என்னைப்போல எத்தனை பேர் பஸ் ஏறி வந்து, முங்கி, திரும்பிப் பார்க்காமல் போயிருப்பார்கள். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எதுவும் போகவில்லை. விட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து அப்படியே கிடக்கிறது. அதை என் மகள் கையால் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“போன மாசம் ஒரு மிளாக்குட்டி” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. மிளா என்றால் பெரிய காட்டு மான். “தண்ணி குடிக்க வந்திருக்கு. சேலை கழுத்துல சுத்தி, அங்கனயே செத்துக் கிடந்துச்சு. மிளா இல்லன்னா புலி என்னத்தம்மா திங்கும்?”

புலி என்ன தின்னும் என்று கவலைப்படுகிற பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புலி யாரைத் தின்னும் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

துணி எடுத்து முடித்து, கரையோரமாகத் திரும்பி நடக்கும்போது அவள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

“மிதிச்சிராத.”

ஈர மணலில் ஒரு தடம். என் விரிந்த உள்ளங்கை அதற்குள் அடங்கும். விரல்கள் தனித்தனியாக, சுத்தமாக, மாவில் அழுத்தி எடுத்த மாதிரி. நகம் பதியவில்லை. காலையில் தண்ணீர் குடிக்க வந்திருக்கும் என்றாள். கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது இங்கே வந்து குனிந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறது. அவள் நாலு குச்சிகளை ஒடித்துத் தடத்தைச் சுற்றி நட்டாள். அளவெடுக்க ஆள் வரும்வரை யாரும் மிதிக்காமல் இருக்க. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். காவலர்கள் இருவரும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார்கள்.

“நீ புலியப் பாத்திருக்கியாட்டி? உண்மையச் சொல்லு.”

அவள் கம்பைப் பாறையில் சாய்த்து வைத்தாள்.

“ஒரு தடவ. முகாமுக்குப் போற பாதையில. குறுக்க நின்னுச்சு. நாங்களும் நின்னோம். அது எங்களப் பாத்துச்சு, பொறவு அது பாட்டுக்குப் புதருக்குள்ள போயிட்டு.” அதற்குப் பிறகும் கொஞ்சம் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சரி, கேளு” என்றாள்.

“என்னத்த?”

“கேக்கத்தான வந்த. ராயகிரிக்காரவ சொன்னத அப்பா போன்ல சொல்லிட்டாவ. நீ கேப்பன்னும் சொன்னாவ. சட்டைய ஆத்துல விடுவன்னுதான் சொல்லல.”

“கேட்டா என்ன சொல்லுவ?”

“இந்த வேலைய விட எனக்கு இஷ்டமில்லம்மா. கல்யாணம் வேண்டாம்னும் சொல்லல. ஆனா நீ அழுதேன்னு வச்சுக்க, விட்டுருவேன். இன்னிக்கே எழுதிக் குடுத்துட்டு உன்கூட பஸ் ஏறிருவேன். அதான் காலையில உன்னப் பாத்ததுல இருந்து எனக்குப் பதறிக்கிட்டு கெடக்கு.”

அவள் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்தே இருந்தது. இமையை ஒரு தடவை மூடினால் போதும். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். இரவில் கதவைத் தாழ்போட்டதும் உள்ளே எல்லோரும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு தூங்கலாம். இத்தனை நாளாக அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எழுந்து ஆற்றில் இறங்கினேன். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்தேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. முகம் முழுக்க ஈரமான பிறகு எது எந்தத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

“கடைசி பஸ் போயிரப்போவுது, வா” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு இடத்தில் பின்னால் கையை நீட்டி, வழுக்குப் பாறையில் என்னைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மாளும் இருந்தாள். சாவடியில் இறங்கிப் பேரனுடைய சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்தாள். “கெடக்கட்டும், வீட்டுலயாவது போட்டுக்கிடுவான்” என்று மடியில் வைத்து நீவினாள். என்னுடையதை நான் கேட்கவில்லை.

மலை இறங்கி டவர் கிடைத்ததும் போன் அடித்தது. ராயகிரி.

“என்ன மதினி, நல்ல வார்த்தை உண்டா?”

“மக வேலையில இருப்பா மதினி.”

“இருப்பான்னா? கேட்டியளா, கேக்கலியா?”

“கேக்கல. இனியும் கேக்க மாட்டேன். அந்த வேலையோட அவள ஏத்துக்கிட முடியும்னா சொல்லுங்க, நாங்க சந்தோசமா வாரோம்.”

“வீட்டுல கலந்துக்கிட்டு சொல்லுதோம்” என்று வைத்துவிட்டாள். பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. ஐப்பசியில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். நல்ல பையன். இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. பயமும் குறையவில்லை. மலையில் இடி இடித்தால் வாசலுக்கு வந்து நிற்கிறேன்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் குற்றாலத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். போனில் சொன்னதையும் சொன்னேன். சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டிருந்த கை நின்றது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நல்ல எடம்” என்றார்.

“ஆமா.”

சைக்கிளை வெளியே எடுத்தார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

“அவ புலியப் பாத்திருக்காளா?”

“பாத்திருக்கா. ஒரு தடவ.”

“பயந்தாளாமா?”

“கை காலெல்லாம் ஆடிட்டாம். ராத்திரி முகாம்ல சோறு எறங்கலையாம். மறுநாளு காலையில அதே பாதையில போனாளாம்.”

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“சரி” என்றார். “அடுத்த தடவ போகையில எனக்கும் சொல்லு, நானும் வாரேன்.”